நிழலில் நின்றது யாருக்குச் சொந்தம்

ஒரு காட்டில் முன்பெல்லாம் காலை வேளையில் ஒரு சத்தம் கேட்கும். டொக், டொக், டொக். மூன்றே தட்டு. உள்ளே பொந்து விழுந்த தேக்கு மரத்தை மரங்கொத்தி தன் அலகால் தட்டும் சத்தம் அது. அந்தத் தேக்கு சாய்ந்து எத்தனையோ மழை போய்விட்டது. ஆனாலும் மழை விட்ட காலைகளில் அந்தக் காட்டு விலங்குகள் காதைத் தூக்கி ஒரு கணம் நிற்கும், இன்னும் கேட்கிறதோ என்று.

மூன்று தட்டு என்றால் காட்டில் வழக்கு என்று அர்த்தம். தீர்ப்பு வரும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. வாய்க்குள் பாதி போனதுகூட வெளியே வந்துவிட வேண்டும். ஒருமுறை ஒரு தவளை அப்படித்தான் பாம்பின் வாயிலிருந்து வெளியே வந்து, தலையைத் துடைத்துக்கொண்டு, பாம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வழக்குப் பார்த்தது.

நீதிபதி ஒரு காட்டெருமை. அது புல்லைத் தவிர எதையும் தின்னாது. ஆகையால் அதன் முன் நிற்க யாருக்கும் பயமில்லை. இரண்டு பக்க வாதமும் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். அசைபோட்டு முடித்தால்தான் தீர்ப்பு. யாராவது 'சீக்கிரம்' என்று சொன்னால், விழுங்கியதை மறுபடி மேலே கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே யாரும் சொல்வதில்லை.

அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீதிபதிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல்லும் ஒரு கருங்கல்லும் கிடக்கும். வழக்குக் கொண்டுவந்தவர் வெள்ளைக் கல்லில் ஏறிப் பேசுவார். மற்றவர் கருங்கல்லில் ஏறிப் பேசுவார். பிறகு இருவரும் கல் மாற வேண்டும். கல் மாறினால் கட்சியும் மாறும். தன் எதிரிக்காக, எதிரியின் கல்லில் நின்று, முழு மனதோடு வாதாட வேண்டும். அரைமனதாகப் பேசினால் அந்த இடத்திலேயே தோல்வி.

இந்த வழக்கம் இரண்டு கரடிகளால் வந்தது. ஒரு தேனடை யாருக்கு என்று அவை நாள் முழுதும் கத்திக்கொண்டிருந்தன. காட்டெருமைக்குக் காது வலித்தது. 'நீ அவனுக்காகப் பேசு, அவன் உனக்காகப் பேசட்டும்' என்று சொல்லிவிட்டது. சாயங்காலம் ஆவதற்குள் இரண்டு கரடிகளும் 'இல்லையண்ணே, அது உங்களுடையதுதான்', 'இல்லை தம்பி, நீதான் எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று கண்கலங்கி நின்றன. அதற்குள் தேனை எறும்புகள் கொண்டுபோய்விட்டன. ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது.

அந்தக் காட்டில் சொல்லழகன் என்று ஒரு நரி இருந்தது. இரையின் மேல் இருந்த ஆசையைவிட அதற்குப் பேச்சின் மேல் ஆசை அதிகம். தேள் கொட்டுவது அன்பினால்தான் என்று ஒருநாள் முழுக்கப் பேசி, கொட்டுப்பட்ட முயலையே 'ஆமாம், அன்புதான் போலிருக்கிறது' என்று சொல்ல வைத்தது. எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் ஜெயிப்பேன் என்று எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். எதிரே யாரும் வராவிட்டால் குளத்தில் தெரியும் தன் முகத்திடம் சொல்லும்.

அதே காட்டில் செம்பி என்று ஒரு சருகுமான் இருந்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். செம்பிக்கு எதற்கெடுத்தாலும் பயம். சருகின் மேல் கால் வைத்தால் சத்தம் வருமே என்று பயந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று கேட்கும். பேசுவது குறைவு, கேட்பது அதிகம்.

ஒரு மழைநாளில் செம்பி பழைய யானைக்குழி ஒன்றில் விழுந்துவிட்டது. குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி அந்த வழியாக வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது. மயில் வந்தது, எட்டிப் பார்த்தது, தோகை நனைகிறதே என்று போய்விட்டது. மூன்றாவதாக வந்தது சொல்லழகன்.

"என்ன தங்கச்சி, கீழே இடம் வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டது.

"அண்ணா, தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. தூக்கிவிடுங்கள்."

"தூக்கிவிடலாம். பதிலுக்கு ஒரு சின்ன வாக்குக் கொடு. நாளைக்கு உச்சிப்பொழுதில் உன் நிழலில் எது நிற்கிறதோ, அது எனக்கு."

செம்பி யோசித்தது. அதன் நிழலே ஒரு சேம்பிலை அளவுதான். உச்சிப்பொழுதில் அதுவும் சுருங்கி வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே என்ன இருக்கப் போகிறது? நான்கு புல், ஓர் எறும்பு. அதற்குள் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது; அந்தப் பயத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

"அவ்வளவுதானா அண்ணா?"

"அவ்வளவுதான்."

"சரி."

நரி ஒரு கொடியைக் குழிக்குள் விட்டு, மறுமுனையைக் கடைவாயில் கவ்வி இழுத்தது. உண்மையாகவே இழுத்தது. கால் வழுக்கியது, கழுத்து வலித்தது, வாய்க்குள் ஏதோ 'கடக்' என்றது. செம்பி மேலே வந்து சேர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு, உடம்பை உதறிக்கொண்டு ஓடியது.

செம்பி அவ்வளவு வேகமாக ஓடியதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் பிறந்து ஒன்பதே நாளான குட்டி ஒன்று இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுது. செம்பி நாவல் மரத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றது. சருகுக்குள் படுத்திருந்த குட்டி எழுந்தது. நடுங்கி நடுங்கி வந்து, தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்து பால் குடிக்கத் தொடங்கியது. மூக்கிலிருந்து வால்வரை அது தாயின் நிழலுக்குள் நின்றது.

புதர் விலகியது. சொல்லழகன் வந்தது.

"தங்கச்சி, என் பொருள் தயாராக இருக்கிறது போலிருக்கிறதே."

செம்பி முதலில் தன் நிழலைப் பார்த்தது. பிறகு குட்டியைப் பார்த்தது. தேக்கு மரத்தை நோக்கிக் கத்தியது. நல்லவேளை, மரங்கொத்தி அங்கேதான் இருந்தது.

டொக், டொக், டொக்.

மறுநாள் காலையில் காடே கூடிவிட்டது. குரங்குகள் நாவல் மரக் கிளைகளில் இடம் பிடித்துக்கொண்டு, பழம் தின்று கொட்டை துப்பிக்கொண்டிருந்தன. தீர்ப்பு வரும்வரை குட்டி யாரிடமும் இருக்கக் கூடாது என்பதால், அது காட்டெருமையின் முன்னங்கால்களுக்கு நடுவே படுத்துத் தூங்கியது.

"ஐயா, குட்டி இப்போது உங்கள் நிழலில் அல்லவா இருக்கிறது?" என்று ஒரு குரங்கு கேட்டது.

காட்டெருமை அதை ஒரு பார்வை பார்த்தது. குரங்கு அவசரமாக இரண்டு நாவல் பழத்தை வாயில் போட்டுக்கொண்டது.

சொல்லழகன் வெள்ளைக் கல்லில் ஏறியது. வாக்கைக் கேட்டேன், கொடுத்தாள், இழுத்துவிட்டேன், வந்தாள், நிழலில் நின்றது குட்டி, ஆகவே குட்டி எனக்கு. இவ்வளவுதான் பேசியது. வழக்கு மிகவும் சுலபமாக இருந்ததால் அதற்குப் பேசவே சுவாரசியம் இல்லை. நடுவில் ஒரு கொட்டாவிகூட விட்டது.

செம்பி கருங்கல்லில் ஏறியது. ஏறுவதற்கே மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

"புல் என்று நினைத்தேன் ஐயா," என்றது. "எறும்பு என்று நினைத்தேன். குட்டி என்று நினைக்கவில்லை."

"நினைத்ததை வாய்விட்டுச் சொன்னாயா அம்மா?" என்று காட்டெருமை கேட்டது.

"இல்லை ஐயா."

"வாக்கு மட்டும் கொடுத்தாய்?"

"கொடுத்தேன் ஐயா."

கூட்டம் பெருமூச்சு விட்டது. குரங்குகள் குட்டிக்குக் கையசைத்து விடைகொடுக்கத் தொடங்கின. குட்டி தூக்கத்தில் காதை ஆட்டியது.

கல் மாறுவதற்கு முன் நீதிபதி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனது. அந்த இடைவேளையில் சொல்லழகன் நாவல் மரத்தடிக்குப் போய்க் குரங்குகளிடம் சலித்துக்கொண்டது. இதெல்லாம் ஒரு வழக்கா என்றது. இந்த வழக்கில் எந்தக் கல்லில் நின்றாலும் ஜெயிக்கப் போவது தான்தான் என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் இன்று பசியாக இருப்பதால் அந்தப் பெண்ணுக்காகச் சுமாராகத்தான் பேசப் போவதாகவும், மூன்று வாக்கியம், ஓர் இருமல், இறங்கிவிடப் போவதாகவும் சொன்னது. நீதிபதிக்கு அரைமனதாகவும் தோன்றாது, முழுமனதாகவும் இருக்காது. அந்த அளவு தனக்குத் தெரியும் என்றது.

இருபது அடி தள்ளி, செம்பி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஒரு சொல் விடாமல் கேட்டது.

நீதிபதி திரும்பி வந்தது. மரங்கொத்தி ஒரு தட்டுத் தட்டியது. கல் மாறினார்கள்.

இப்போது செம்பி வெள்ளைக் கல்லில் நின்று நரிக்காகப் பேச வேண்டும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பேசத் தொடங்கியது.

"ஐயா, நான் குழியில் கிடந்தபோது பன்றியண்ணன் எட்டிப் பார்த்தார். மயிலக்காவும் எட்டிப் பார்த்தார்."

பன்றி தரையைப் பார்த்தது. மயில் வானத்தைப் பார்த்தது.

"நின்றவர் இவர் ஒருவர்தான். கொடியைக் கவ்வி இழுத்தபோது இவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போயிற்று; 'கடக்' என்று எனக்கே கேட்டது. இன்றைக்கும் அது ஆடுகிறது. அதை இவர் தம் வாயால் சொல்லவே இல்லை. அவ்வளவு பெரிய மனசு. உயிர் பிழைத்தவள் கரையேறிய பிறகு அழுதால் வாக்கு இல்லை என்று ஆகிவிடும் என்றால், நாளைக்குக் குழியில் விழுகிறவரின் வாக்கை யார் நம்புவார்? யார் கொடியைத் தேடுவார்? எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் ஐயா. இந்தக் காட்டில் குழிக்குக் குறைவில்லை."

ஒரு குரங்கு மூக்கை உறிஞ்சியது. நரிக்காக நரி பேசியதில் இதில் பாதிகூட இல்லையே என்று இன்னொரு குரங்கு சொன்னது. அது நரியின் காதில் விழுந்தது. சொல்லழகன் ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அந்தப் பல்லைத் தானே மறந்துவிட்டோமே என்று அதற்கு உறுத்தியது.

செம்பி இறங்கவில்லை.

"கடைசியாக ஒன்று ஐயா. என் கட்சியில் பேச எதுவும் இல்லை. எத்தனை பெரிய பேச்சாளர் ஏறினாலும் அந்தக் கருங்கல்லில் நின்று ஜெயிக்க முடியாது. சொல்லழகன் அண்ணாவால்கூட முடியாது. பாவம், அவரைச் சிரமப்படுத்தாமல் விட்டுவிடலாம்."

"ஆமாம், பாவம், விட்டுவிடலாம்," என்று குரங்குகள் ஒரே குரலில் கூறின.

நரியின் வால் முறுக்கிக்கொண்டது. ஆனாலும் அது தன் திட்டத்தை மறக்கவில்லை. கருங்கல்லில் ஏறியது. ஆபத்தில் கொடுத்த வாக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. தாய் மனம் பொல்லாதது என்றது. குட்டி மிகவும் சின்னது என்றது. இருமியது. இறங்கத் திரும்பியது.

அதன் தலையில் ஒரு நாவல் கொட்டை விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்று மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நிஜமாகவே முடியவில்லை போலிருக்கிறதே," என்று இன்னொரு குரல் கேட்டது.

"வயதாகிவிட்டது. பல் வேறு ஆடுகிறதாம்," என்று மூன்றாவது குரல் கேட்டது.

சொல்லழகன் நின்றது. மெல்லத் திரும்பியது. மறுபடி கல்லின் மேல் ஏறி நடுவில் நின்று, மார்பை நிமிர்த்தி, மீசையை நீவிக்கொண்டது.

"ஐயா, இதுவரை பேசிய யாரும் வழக்கைத் தொடவே இல்லை," என்று ஆரம்பித்தது. "ஒரு வாக்குக்கு இரண்டு மனம் வேண்டும். அந்த இரண்டு மனமும் ஒரே பொருளின் மேல் வந்து நிற்க வேண்டும். குழிக்கு உள்ளே இருந்தவள் புல்லை நினைத்தாள். குழிக்கு மேலே இருந்தவர் குட்டியை நினைத்தார். இரண்டும் எங்கே சந்தித்தன? சந்திக்கவே இல்லை. சந்திக்காத இடத்தில் வாக்கு எப்படிப் பிறக்கும்?"

குரங்குகள் பழத்தை மெல்லுவதை நிறுத்தின. காட்டெருமை தலையை நிமிர்த்திக் கேட்டது.

"மேலே இருந்தவரும் புல்லையே நினைத்திருந்தால்? குட்டி தற்செயலாக வந்து நிழலில் நின்றிருந்தால்?"

நரி புன்னகை செய்தது. இந்தக் கேள்விக்காகவே அது பிறந்தது போலிருந்தது.

"அப்படியானால் வேறு கதை ஐயா. அது இருவருக்கும் பொதுவான தலைவிதி. ஆனால் மேலே இருந்தவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். மூன்று நாளாக அவர் அந்தப் புதருக்குப் பின்னால் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி காலையெல்லாம் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். மோப்பம்கூட வராது. உச்சிப்பொழுதில்தான் எழுந்து தாயின் வயிற்றுக்கு அடியில் வரும். பாய்ந்தால் தாயும் குட்டியும், யாரென்று பார்க்கக்கூட நிற்காமல், சருகோடு சருகாக மறைந்துவிடும். மூன்று நாளும் பாய்ந்து பார்த்தார். மூன்று நாளும் வாயில் மண்தான். ஆகவே நான்காம் நாள் குழிக்கு மேலே நின்று 'உச்சிப்பொழுது' என்றார். ஆகவேதான் 'நிழல்' என்றார்."

கூட்டம் 'ஓ' என்றது. அந்த 'ஓ' நரியின் தலைக்கு ஏறியது.

"'உன் குட்டியைக் கொடு' என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அந்தத் தாய் குழியிலேயே மூழ்கியிருப்பாள்; கொடுத்திருக்க மாட்டாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை. தெரிந்தவர் மறைத்து, தெரியாதவளிடம் வாங்கியது வாக்கு அல்ல ஐயா. அது இன்னொரு குழி. ஒரு குழியிலிருந்து தூக்கி மற்றொரு குழியில் போட்டவருக்குக் கூலி எதற்கு?"

மரமே குலுங்கியது. இரண்டு குரங்குகள் கைதட்டியதில் கிளையை விட்டுக் கீழே விழுந்தன. விழுந்த இடத்திலும் கைதட்டின. பாம்பு தவளையின் தோளில் தலையைச் சாய்த்து அழுதது.

சத்தம் அடங்கும்வரை காட்டெருமை காத்திருந்தது. பிறகு கேட்டது: "நல்ல வாதம். இதற்குச் சாட்சி உண்டா தம்பி?"

"சாட்சியா?" என்று நரி கழுத்தை நிமிர்த்தியது. "நேரில் பார்த்த சாட்சி ஐயா. நானே."

தேக்குப் பட்டையில் எறும்பு ஊர்வது கேட்டது.

சொல்லழகன் கூட்டத்துக்குத் தலைவணங்கியது. இரண்டாம் முறையும் வணங்கியது. மூன்றாம் முறை குனிந்த தலை நிமிரவில்லை. முதலில் வாலுக்குத்தான் விஷயம் புரிந்தது. அது மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு காதுகளுக்குப் புரிந்தது. முகத்துக்குக் கடைசியாகத்தான் புரிந்தது.

"ஐயா," என்றது சின்னக் குரலில். "கல் மாறியதால்தானே அப்படிப் பேசினேன். அது வெறும் வாதம்."

"வாதத்தைக் கல் மாற்றிப் பேசலாம் தம்பி," என்றது காட்டெருமை. "கண்ணால் பார்த்ததை மாற்ற முடியாது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி அசைபோடத் தொடங்கியது. வெயில் ஏறியது. குரங்குகள் கொட்டை துப்பவும் பயந்து வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தன. செம்பி தன் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியாக ஒரு விழுங்கல் கழுத்து வழியாகக் கீழே இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

மறைத்து வாங்கிய வாக்கு செல்லாது, குட்டி தாயிடம் போகட்டும் என்று காட்டெருமை தீர்ப்புச் சொன்னது. ஆனால் அத்தோடு முடிக்கவில்லை. கொடியைக் கவ்வி இழுத்தது உண்மை, பல் ஆடுவதும் உண்மை. உதவிக்குப் பதில் உதவி வேண்டும் என்றது. காட்டில் எந்த மரத்தடியில் கனிந்த அத்திப்பழம் விழுகிறது என்பது சருகுமானுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த இடங்களைச் செம்பி நரிக்குக் காட்ட வேண்டும்.

"சம்மதமா அம்மா?"

"சம்மதம் ஐயா. ஆனால் இந்த முறை நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அத்திப்பழம். மரத்திலிருந்து தானாக விழுந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை."

காட்டெருமை முதல் முறையாகச் சிரித்தது. அதன் சிரிப்பில் குட்டி விழித்துக்கொண்டது. எழுந்து, நடுங்கி நடுங்கி நடந்து, தாயின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றது. அப்போது சரியாக உச்சிப்பொழுது.

கூட்டம் கலைந்தது. தவளை பாம்பிடம் சொல்லிக்கொள்ளாமலே குளத்தில் குதித்தது. சொல்லழகன் நாவல் மரத்தைத் தாண்டிப் போகும்போது சற்று நின்று மேலே பார்த்தது.

"எல்லாம் சரி," என்று கேட்டது. "ஆனால் எப்படிப் பேசினேன்?"

"அருமை அண்ணே," என்றன குரங்குகள். "அப்படி ஒரு பேச்சை இந்தக் காடு கேட்டதில்லை."

நரியின் வால் கொஞ்சம் மேலே எழுந்தது.

அந்தப் பல் அடுத்த வாரமே விழுந்துவிட்டது. அதன் பிறகு சொல்லழகன் கடைசிவரை அத்திப்பழம் தின்றே வாழ்ந்தது.

நீதி: மறைத்து வாங்கிய வாக்கு நிலைக்காது; மறைத்தவரின் கர்வமே அதைப் போட்டு உடைத்துவிடும்.